தொடர்பாளர் என்ற சொல்லுக்கு இரண்டு முனைகள்: வெளியுறவுப் பணியில் சேர்ந்திருக்கும் இளம் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகி, டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்.

நான் தூதராக இருந்தவன் அல்ல. ஒரு தமிழ் நாளிதழில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளை இரவுப் பதிப்புக்குத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. உலகில் எங்கேனும் போர் மூண்டுவிட்டால் அந்தச் செய்திகளில் பாதி, யாரோ ஒரு செய்தித் தொடர்பாளர் ஏதோ ஒரு மேடையில் நின்று சொன்னதாகவே இருக்கும். பாக்தாத், பெல்கிரேட், கொழும்பு, வாஷிங்டன், டெல்லி என்று எத்தனையோ ஊர்களின் தொடர்பாளர்களை நான் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.

அந்த வேலையில் எனக்குப் பாடம் சொன்னவர் எங்கள் தலைமை உதவி ஆசிரியர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சொன்னவர் மீது நம்பிக்கை இருந்தால் ‘தெரிவித்தார்’ என்று போடுவார். இல்லையென்றால் ‘கூறினார்’ என்று திருத்துவார். காரணம் கேட்டேன். “தெரிவிப்பது என்றால் தெரியும்படி செய்வது. இல்லாத ஒன்றை எப்படி ஐயா தெரிவிக்க முடியும்? வாயால் கூறத்தான் முடியும்” என்றார். வாசகர்களில் எத்தனை பேர் அந்த வேறுபாட்டைக் கவனித்தார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு நாட்டின் தொடர்பாளர் எப்போது ‘தெரிவித்தார்’ என்பதிலிருந்து ‘கூறினார்’ என்பதற்கு இறங்கினார் என்று எங்கள் மேசையில் இருந்தவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இறங்கியவர் மறுபடி ஏறியதை நான் பார்த்ததே இல்லை.

உங்களில் ஒருவர், இன்னும் பத்து ஆண்டிலோ இருபது ஆண்டிலோ, போர்க்காலத்தில் அந்த மேடையில் நிற்க வேண்டி வரும். அந்த ஒருவருக்காகத்தான் இந்த மடல். யார் அந்த ஒருவர் என்று இன்று யாருக்கும் தெரியாது என்பதால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரி ஜோர்தியன். துருக்கியில் 1920-இல் ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குப் போனவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படை அதிகாரியாகப் பசிபிக் களத்தில் இருந்தார். பிறகு ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த வானொலியின் செய்திகள் துல்லியமாகவும் நடுநிலையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்த சாசனத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1976-இல் அது அமெரிக்கச் சட்டமே ஆனது. அதன்பின் தகவல் பணி அதிகாரியாக நம் டெல்லிக்கு வந்தார். டெல்லியிலிருந்து 1964-இல் அவரை அனுப்பிய இடம், போர் நடந்துகொண்டிருந்த தென் வியட்நாமின் தலைநகர் சைகோன்.

அவர் போய் இறங்கிய சமயத்தில் சைகோனில் அமெரிக்க அதிகாரிகளுக்கும் நிருபர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே கெட்டுப்போயிருந்தது. 1963 ஜனவரியில் ஆப் பாக் என்ற கிராமத்தில் நடந்த சண்டையில் தென் வியட்நாம் படை பலத்த அடி வாங்கியது. ஐந்து ஹெலிகாப்டர்கள் போயின. களத்துக்குப் போன நிருபர்கள் கண்ணால் பார்த்தார்கள். அமெரிக்கத் தளபதி பால் ஹார்கின்ஸோ அதை வெற்றி என்றார். பார்த்தவனிடம் போய்ப் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லச் சொன்னால் உறவு எப்படி இருக்கும்?

ஜோர்தியன் வந்தபின் சில நல்ல காரியங்கள் நடந்தன. பாதுகாப்புக்கு ஊறு வராத அளவில் முடிந்தவரை வெளிப்படையாகப் பேசுவது என்று 1964-இல் கொள்கை வகுக்கப்பட்டது. தணிக்கை வேண்டும் என்று படைத்தரப்பில் பலர் கேட்டும், முறையான தணிக்கை அங்கே வரவில்லை. படை நகர்வு போன்றவற்றை எழுத மாட்டேன் என்று நிருபர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்; மீறினால் அனுமதி அட்டை பறிபோகும். அப்படிப் பறிபோனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ராணுவ ஹெலிகாப்டரில் இடமிருந்தால் நிருபர் ஏறிக்கொண்டு போர்முனைக்கே போகலாம். இன்றைய போர்களோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத சுதந்திரம்.

அவரிடம் இன்னொரு வலிமையும் இருந்தது. 1965-இல் உருவான கூட்டுப் பொதுத்தொடர்பு அலுவலகத்துக்கு அவர் தலைவர். தூதரகத்தில் அமைச்சர்-ஆலோசகர் என்ற உயர்ந்த நிலை. தூதர்கள் மேக்ஸ்வெல் டெய்லர், ஹென்றி கேபட் லாட்ஜ், எல்ஸ்வொர்த் பங்கர் மூவரோடும், தளபதி வெஸ்ட்மோர்லண்டோடும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர். முடிவு எடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி இருந்தது. எதையும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையில் நிருபர்களைக் கூப்பிட்டு உண்மை நிலவரத்தை விளக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அவரோடு கடுமையாகச் சண்டையிட்ட நிருபர்களிலேயே பலர், அந்த மனிதர் மீது மரியாதை வைத்திருந்தார்கள். உங்களில் யாரேனும் அந்த மேடைக்குப் போவதாக இருந்தால், முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த நாற்காலியைத்தான். அறைக்குள் நடந்தது தெரியாதவரிடம் வெளியே போய் விளக்கச் சொல்வது, சமையலறைக்குள் விடாமலே பந்தியில் பரிமாறச் சொல்வது போன்றது.

ஆனாலும் நிருபர்களுக்குப் போர்ச் செய்தி சொல்ல அவர் பொறுப்பில் மாலைதோறும் நடந்த கூட்டத்துக்கு நிருபர்கள் வைத்த பெயர் ‘ஐந்து மணிக் கூத்து’. ஏன்?

இந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகள் பிடித்து ஆட்டியிருக்கிறது. திறமை, நேர்மை, அனுபவம், அதிகாரம் எல்லாம் இருந்த ஒருவர் நடத்திய கூட்டமே கூத்து என்று பெயர் வாங்கியது என்றால், குறை அந்த ஆளிடம் மட்டும் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அதே அலுவலகம்தான் உளவியல் போரையும் நடத்தியது. எதிரியின் மனத்தைக் கலைக்க விமானத்திலிருந்து கொட்டும் துண்டறிக்கைகளும் அங்கே தயாராயின. மாலையில் நிருபர்களுக்குச் சொல்லும் செய்தியும் அங்கிருந்தே வந்தது. ஒரே அடுப்பில் மருந்தும் விருந்தும் காய்ச்சினால் சாப்பிட வந்தவன் கிண்ணத்தை முகர்ந்து பார்க்கத்தானே செய்வான்? இது ஜோர்தியன் உண்டாக்கிய அமைப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் தலைமையில் அவர் இருந்தார்.

இன்னொன்று மேலிடத்தின் மனம். 1965 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொதுத்தொடர்பு உதவிச் செயலர் ஆர்தர் சில்வெஸ்டர் சைகோன் வந்தார். நிருபர்களோடு அவர் சந்திப்பு நடந்தது ஜோர்தியனின் வீட்டில். சந்திப்பு சண்டையாகிவிட்டது. எந்த அமெரிக்க அதிகாரியாவது உங்களிடம் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நம்பினால் நீங்கள் முட்டாள்கள் என்ற பொருளில் சில்வெஸ்டர் பேசினார் என்று அங்கே இருந்த சிபிஎஸ் தொலைக்காட்சி நிருபர் மோர்லி சேஃபர் பின்னர் எழுதினார். தான் அப்படிப் பேசவில்லை என்று சில்வெஸ்டர் மறுத்தார். நான் யோசிப்பது வேறு. விருந்து கொடுத்த வீட்டுக்காரர் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அதே நிருபர்கள் முன் போய் நின்றிருப்பாரே, என்ன முகத்தோடு நின்றிருப்பார்?

அடுத்த மாதமே சேஃபர், காம் நே கிராமத்தில் அமெரிக்க வீரர்கள் சிகரெட் லைட்டரால் ஓலைக் கூரைகளுக்குத் தீ வைப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அந்தக் காட்சி அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. மேடைக்கு அங்கே வேலையே இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், எண்கள். முன்னேறிப் பிடித்த நிலத்தை வைத்து அந்தப் போரை அளக்க முடியவில்லை. அதனால் கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையை அளவுகோலாக்கினார்கள். மேலதிகாரி எண் கேட்டார். கீழே இருந்தவர் எண் கொடுத்தார். கூடக் கொடுத்தவருக்குப் பாராட்டு, குறையக் கொடுத்தவருக்குக் கேள்வி. அப்படித் திரண்டு வந்த எண்களை மாலையில் வாசிப்பவர், அவை எங்கிருந்து புறப்பட்டன என்று அறியாதவர்.

1968 மார்ச் 16-ஐ நினைத்துப் பாருங்கள். குவாங் ங்காய் மாகாணத்தில் ‘அமெரிக்கல் டிவிஷன்’ என்ற அமெரிக்கப் படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் ஒரு கிராமத்துக்குள் போனார்கள். சைகோன் கூட்டத்தில் வந்த செய்தி இவ்வளவுதான்: எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் அமெரிக்கப் பத்திரிகைகள் அதை வெற்றிச் செய்தியாக வெளியிட்டன. படையின் அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. கைப்பற்றிய ஆயுதங்கள்: 3.

128 உடல்கள், மூன்று துப்பாக்கிகள். மீதி 125 பேர் எதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்? இதைக் கேட்பதற்கு உளவுத்துறை வேண்டாம், ராணுவக் கல்லூரி வேண்டாம். மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை யாரும் மேலே எடுத்துச் செல்லவில்லை. அந்த ஊரின் பெயர் மை லாய் என்பது உலகுக்குத் தெரிய 1969 நவம்பர் ஆயிற்று. வெளிக்கொண்டுவந்தவர் சீமோர் ஹெர்ஷ் என்ற தனி நிருபர். கொல்லப்பட்டவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். வியட்நாமின் நினைவுப் பட்டியலில் 504 பெயர்கள் இருக்கின்றன. அமெரிக்க ராணுவ விசாரணையின் எண் 347. எந்த எண்ணை எடுத்தாலும் அந்த 128 பொய். அதைவிட வேதனை, அது பொய் என்பதற்கான தடயம் அந்த அறிக்கைக்குள்ளேயே இருந்தது.

இதன் தொடர்ச்சியாக இன்னொருவரையும் சொல்லாமல் போக முடியாது. அதே 1968-இன் இறுதியில், அதே டிவிஷனில் பணியாற்றிய இளம் வீரர் ஒருவர், நம் ஆட்கள் வியட்நாமிய மக்களைக் காரணமில்லாமல் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தளபதிக்குக் கடிதம் எழுதினார். மை லாய் என்ற பெயர் அதில் இல்லை. அதற்குப் பதில் தயாரிக்கும் வேலை ஒரு மேஜரிடம் வந்தது. எழுதிய வீரரைக் கூப்பிட்டு விசாரிக்காமலே, எங்கள் வீரர்களுக்கும் வியட்நாமிய மக்களுக்கும் உறவு மிகச் சிறப்பாக இருக்கிறது என்று அவர் குறிப்பு எழுதினார். அந்த மேஜரின் பெயர் காலின் பவல். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சராக ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களுக்குச் சான்று காட்டிப் பேசினார் அவர். அந்த உரையை நான்தான் தமிழாக்கினேன். ‘தெரிவித்தார்’ என்றே போட்டேன். அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அந்த உரை தன் வரலாற்றில் ஒரு கறை என்று 2005-இல் அவரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1968-இல் கையில் வந்த கடிதத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் அந்த வழக்கம் 2003 வரை கைகொடுத்திருக்குமோ என்று நான் யோசித்ததுண்டு. அதற்கு விடை இல்லை.

தமிழில் எழுதுகிறவன் இந்தப் பேச்சை 2009-ஐத் தொடாமல் கடக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மே வரை ஒவ்வோர் இரவும் கொழும்பிலிருந்து செய்தி வரும். வன்னியில் சிக்கியிருக்கும் மக்கள் சுமார் 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு கூறியது. பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதே எங்கள் கொள்கை என்றும் கூறியது. அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதும்போது விரல் கூசும். மக்களை யாரும் பிடித்து வைக்கவில்லை, அவர்கள் விரும்பியே எங்களோடு இருக்கிறார்கள் என்று மறுபக்கத்தில் புலிகளின் பேச்சாளர்களும் கூறினார்கள். அதையும் எழுதினேன். அதை எழுதும்போதும் விரல் கூசியது.

போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, அரசு அந்த மக்கள்தொகையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும் அது பதிவு செய்தது. இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் குறிப்பிட்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 70,000 என்பது மேடையில் சொன்ன எண் மட்டுமன்று. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பெட்டி மருந்து கப்பலில் போக வேண்டும் என்பதும் அந்த எண்ணையே சார்ந்திருந்தது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் ஒருவர் ஓர் எண்ணை வாசிக்கிறார். முள்ளிவாய்க்காலில் ஒரு தாய் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறாள். தொடர்பாளர் சொல்வது வெறும் சொல் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால் அது நியாயம் அல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப் படை நுழைந்தபோது மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள், இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கி இறந்தார்கள் என்பதே நம் தரப்பின் விளக்கம். உயிர் தப்பிய மருத்துவமனை ஊழியர்கள் சொன்னது வேறு. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அது இன்றும் ஆறவில்லை.

இப்போது என் மனத்தில் உள்ளதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் பதவிக்கு வைத்திருக்கும் பெயர், பேசுகிறவர் என்று மட்டுமே பொருள்படும். நாம் தமிழில் தொடர்பாளர் என்கிறோம். தொடர்பு என்றால் இரண்டு முனை உண்டு. மேலிருந்து வருவதைக் கீழே சொல்வது ஒரு முனை. கீழே எழும் கேள்வியை மேலே கொண்டுபோய், பதில் வரும்வரை அந்தக் கதவருகே நிற்பது இன்னொரு முனை. உங்கள் பயிற்சியில் முதல் முனைக்குப் பல வகுப்புகள் இருக்கும். கேமரா முன் நிற்பது, கேள்வியைத் தட்டிக் கழிப்பது, சொல்லாமல் சொல்வது எல்லாம் கற்றுத்தருவார்கள். இரண்டாவது முனைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டாவது முனையைப் பிடித்தவர் ஒருவரை அண்மையில் பார்த்தோம். ஹலா ராரிட், அமெரிக்க வெளியுறவுத் துறையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர். அரபு மொழிச் செய்தித் தொடர்பாளர். காசா போர் தொடங்கியபின், அரபு ஊடகங்களில் என்ன காட்டுகிறார்கள், மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று வாஷிங்டனுக்குத் தொடர்ந்து அறிக்கை அனுப்பினார். அது வேண்டாம் என்று தன்னை நிறுத்தச் சொன்னார்கள் என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். எழுதிக் கொடுத்ததை அரபுத் தொலைக்காட்சிகளில் பேச மறுத்தார். 2024 ஏப்ரலில் பதவியை விட்டார். அதே துறையின் மேடையில் அப்போது நாள்தோறும் நின்றவர் மேத்யூ மில்லர். பதவி முடிந்து சில மாதங்களில், 2025 ஜூனில், இஸ்ரேல் போர்க்குற்றங்கள் செய்தது என்பதில் தனக்கு ஐயமில்லை என்றார். மேடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, அங்கே நின்று சொல்வது அரசின் முடிவை, சொந்தக் கருத்தை அல்ல என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அந்தப் பதவியின் வரையறையே அதுதான். ஆனால் அந்த விடையை நான் மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

எல்லோரும் பதவி விலகுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. சம்பளம் வாங்குகிறவனின் கஷ்டம் எனக்குத் தெரியும். எல்லோரும் விலகினால் அந்த நாற்காலியில் கூசாதவர்கள் வந்து உட்காருவார்கள் என்பதும் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். விலகுவதற்கும் வாசிப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. “இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் இதை வாசிக்க மாட்டேன்” என்று மூடிய அறைக்குள் சொல்ல முடியும். “இதுவரை உறுதியாகவில்லை” என்று மேடையில் சொல்ல முடியும். நேற்றுச் சொன்னது தவறு என்று இன்று சொல்ல முடியும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1999 கார்கில் போர். வெளியுறவு அமைச்சகத்தின் ராமிந்தர் சிங் ஜஸ்ஸால், தரைப்படையின் கர்னல் பிக்ரம் சிங், விமானப்படையின் ஏர் கமடோர் சுபாஷ் போஜ்வானி மூவரும் நாள்தோறும் நிருபர்கள் முன் வந்தார்கள். மே 27 அன்று நமது மிக்-27, மிக்-21 விமானங்கள் இரண்டு போயின; ஒரு விமானி சிறைப்பட்டார், ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் வீழ்ந்தது. மூன்றையும் நம் தரப்பே உடனுக்குடன் ஒப்புக்கொண்டது. அன்று இரவு எங்கள் மேசையில் அமைதி. யாருக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டோலோலிங், டைகர் ஹில் மீட்கப்பட்டதாக அவர்கள் சொன்னபோது ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. தலைமை உதவி ஆசிரியர் பேனாவை எடுக்கவே இல்லை. ‘தெரிவித்தார்’ அப்படியே போனது.

அந்தப் போரை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். 1965, 1971 போர்களின் அதிகாரபூர்வ வரலாற்றை வெளியிடுங்கள் என்று அந்தக் குழு கேட்டது. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பழைய போரைப் பற்றிப் பேச அஞ்சும் அரசு, நடக்கும் போரைப் பற்றி எவ்வளவு பேசும்?

2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். மே 7 காலை வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆகியோர் வந்து பேசினார்கள். அளந்து பேசினார்கள், வெறுப்பைக் கொட்டவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. விமான இழப்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கதவு மூடிக்கொண்டது. மே 11 அன்று ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி, இழப்பு என்பது சண்டையின் ஒரு பகுதி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இழப்பு உண்டு என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சொன்னது மே 31-இல், சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டு ஊடகத்திடம். சண்டை நடக்கும்போது சில நாள் பொறுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இழந்தது நாம், நம்மிடம் முதலில் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வாரங்களில் அக்கம்பக்கத்து வதந்தியெல்லாம் செய்தியாக உலவியது.

இன்னொன்றும் நடந்தது. மே 10 மாலை, சண்டை நிறுத்தம் பற்றி அறிவித்தவர் மிஸ்ரி. முடிவு எடுத்தது அரசியல் தலைமை. ஆனால் இணையத்தில் வசை முழுவதும் அவர் மேல் விழுந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவது நம் ஊருக்குப் புதிதல்ல. அவருடைய குடும்பத்தையும் விடாமல் இழுத்தார்கள் என்பதுதான் கொடுமை. அவர் தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்திய ஆட்சிப் பணி, காவல் பணி அதிகாரிகள் சங்கங்கள் அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தன. அவருடைய கூட்டங்களைத் தமிழில் படித்த ஒரு முன்னாள் பத்திரிகைக்காரனாக நானும் இங்கே சொல்கிறேன்: அவருக்கு நேர்ந்தது அநியாயம். நாளை உங்களுக்கு நேர்ந்தாலும் அநியாயமே.

இவ்வளவு எழுதியது ஒரே ஒரு வேண்டுகோளுக்காக. உங்கள் பயிற்சியில் ஊடக வகுப்பு வரும் நாளில், 1968 மார்ச் 16-இன் அந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். 128. 3. வேறு விளக்கம் எதுவும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு இதை நீங்கள் வாசிக்க வேண்டும், இப்போது மணி நாலேகால். யாருக்குத் தொலைபேசியில் பேசுவீர்கள்? அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரிடம் போவீர்கள்? ஐந்து மணி ஆகியும் பதில் வரவில்லை, அறை நிறைய நிருபர்கள் காத்திருக்கிறார்கள். உள்ளே போய் என்ன சொல்வீர்கள்?

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை ஒரு முறையாவது பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
இரவுப் பதிப்பின் பழைய உதவி ஆசிரியன்
சென்னை